நெருக்கடி காலத்தில் தலைமை

(ஐதராபாத், போவன்பள்ளியில் அரசு அலுவலர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)

தலைமைப் பண்புகளைப் பற்றிப் பேசுவோர் போர்க்களங்களையும் பேரரசர்களையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். போவன்பள்ளியில் கூடியுள்ளோர் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இங்கிருந்து தெற்கே சில கல் தொலைவில் ஓடும் மூசி ஆறு, 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் ஐதராபாத் நகருக்குக் கற்பித்த பாடமே போதுமானது.

அன்று பெய்த பெருமழையில் ஆறு கரைபுரண்டு நகருக்குள் புகுந்தது. பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. சுமார் 15,000 பேர் மாண்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் புளியமரத்தில் ஏறி நூற்றைம்பது பேர் வரை உயிர் தப்பினர் என்பர்.

இத்தகைய வேளையில் தலைமைக்கு வேண்டிய முதற்பண்பு, துயருற்ற மக்களின் அருகில் இருத்தலாகும். அப்போதைய நிஜாம் மீர் மகபூப் அலி கான், வீடிழந்தோருக்கு அரண்மனை வாயில்களைத் திறந்துவிட்டார். உணவளிக்க ஏற்பாடு செய்தார். விதிமுறைகளைப் புரட்டிப் பார்த்துக் காலம் கடத்தியிருந்தால் பசியாலும் நோயாலும் மேலும் பலர் மடிந்திருப்பர்.

ஆயினும் இரக்கம் மட்டுமே தலைமையாகிவிடாது. அறிந்தவரைத் தேடி அழைத்து, அவர் சொல்வதைக் கேட்கும் பணிவு இரண்டாவது பண்பாகும். பம்பாய் மாகாணப் பணியிலிருந்து விலகி வெளிநாட்டுப் பயணத்திலிருந்த பொறியாளர் மோ. விசுவேசுவரய்யாவை ஐதராபாத் அரசு அழைத்தது. 1909-இல் அவர் இங்கு வந்து மழை அளவுகளையும் ஆற்றின் போக்கையும் ஆராய்ந்தார். நகருக்கு மேலே ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் நூற்றுக்கணக்கான ஏரிகள் இருந்தன. அவற்றுள் 200-க்கும் மேற்பட்டவை அம்மழையில் உடைந்தன. மேல் ஏரி உடைந்த வெள்ளம் கீழ் ஏரியையும் உடைத்துக்கொண்டு நகரை நோக்கிப் பாய்ந்தது. வெள்ளத்தைத் தேக்கி அளவோடு வெளியேற்றும் பெரிய நீர்த்தேக்கங்களை மேற்பகுதியில் அமைக்குமாறு அவர் பரிந்துரைத்தார்.

மூன்றாவது பண்பே அரிதானது. அது, துயரம் மறந்த பின்னும் பணியைத் தொடரும் உறுதி. மகபூப் அலி கான் 1911-இல் காலமானார். புதிய ஆட்சியாளர் பழைய திட்டத்தைக் கிடப்பில் போடுவது எங்கும் காணும் காட்சி. இங்கு அவ்வாறு நிகழவில்லை. அவருடைய மைந்தர் மீர் உஸ்மான் அலி கான் காலத்தில், 1912-இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920-இலும், அதன் துணையாறான ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகர் 1927-இலும் எழுந்தன. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அவை நகருக்குக் குடிநீரும் வழங்கின.

பொருளாதார நோக்கில் இதன் அருமை தனிப்பட விளங்கும். நிவாரணத்திற்குச் செலவிடும் பணம் கண்முன் பயன் தருகிறது. அளிப்பவருக்குப் புகழும் தருகிறது. தடுப்புப் பணிக்குச் செலவிடும் பணத்தின் பயனோ வராத வெள்ளம். வராத வெள்ளத்திற்கு நன்றி கூறுவார் இல்லை. எனவேதான் கரை பராமரிப்புக்கான தொகை வரவு செலவுத் திட்டத்தில் முதலில் வெட்டுப்படுகிறது. ஐதராபாத்தில் 2020 அக்டோபரில் கொட்டிய மழையில் ஏரிக்கரைகள் சில மீண்டும் உடைந்து, குடியிருப்புகள் நீரில் மூழ்கின. 1908-இன் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை என்பதற்கு இதுவே சான்று.

மன்னருக்கும் அமைச்சருக்கும் மட்டும் உரியதன்று தலைமை. போவன்பள்ளியை அடுத்து ஹஸ்மத்பேட்டை ஏரி உள்ளது. அத்தகைய ஓர் ஏரியின் கரையைக் கோடையிலேயே சென்று பார்வையிடும் இளநிலைப் பொறியாளரும், நீர்வழியில் கட்டடம் எழுப்ப அனுமதி மறுக்கும் நகராட்சி அலுவலரும் நெருக்கடி காலத் தலைவர்களே. அவர்களுடைய தலைமை மழைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அவர்களுக்குத் துணை நிற்பது மேலதிகாரிகளின் கடமையாகும்.