ரெண்டாவது பைக்: ஆர்எக்ஸா, புல்லட்டா, சிபிஸட்டா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

போன எபிசோட் முடிவுல "ரெண்டாவது பைக் பார்த்துட்டு இருக்கேன்"னு ஒரு வார்த்தை விட்டேன். அன்னைலேர்ந்து பார்க்கிறவங்க எல்லாம் "வாங்கிட்டியா, வாங்கிட்டியா"ன்னுதான் கேட்கிறாங்க. அதனால இன்னைக்கு முழுக்க அந்தக் கதைதான்.

என்கிட்ட ஒரு 125 சிசி வண்டி இருக்கு. ஆபீஸ், காய்கறி, மழை எல்லாத்துக்கும் அதுதான். ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனா ஓட்டுறப்போ ஒரு சந்தோஷமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில ஈசிஆர் பக்கம் போயிட்டு வர ஒரு பழைய வண்டி வேணும்னு ரெண்டு வருஷமா 90 ஆயிரம் சேர்த்தேன். லிஸ்ட்ல மூணே மூணு பேர்: யமஹா ஆர்எக்ஸ் 100, பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350, ஹீரோ ஹோண்டாவோட முதல் சிபிஸட்.

முதல்ல ஆர்எக்ஸ். 1985-லேர்ந்து 1996 வரைக்கும் வந்த வண்டி. 98 சிசி, 11 எச்பி, எடை நூறு கிலோ சொச்சம்தான். அதே காலத்து 100 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் 7 எச்பியைச் சுத்திதான் கொடுத்துச்சு. ஏன் இந்த வித்தியாசம்? ஃபோர் ஸ்ட்ரோக்ல கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா ஒரு தடவைதான் பெட்ரோல் எரியும். டூ ஸ்ட்ரோக்ல ஒவ்வொரு சுத்துக்கும் எரியும். ஆனா புது பெட்ரோல் உள்ளே வரும்போதே கொஞ்சம் எரியாம சைலன்சர் வழியா வெளியே போயிடும். மைலேஜ் குறையறது அதனாலதான். புகை விதிகள் இறுகினப்போ வண்டி நின்னதும் அதனாலதான்.

ஆர்எக்ஸ் பார்க்கப் போனா 2டி ஆயில் பம்ப் வேலை செய்யுதான்னு முதல்ல கேளுங்க. நிறைய பேர் பம்பை அடைச்சுட்டு, பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து ஓட்டுவாங்க. அளவு தப்பினா பிஸ்டன் சீஸ் ஆயிடும்.

நான் பார்த்த ஆர்எக்ஸ் அழகா இருந்துச்சு. கிக்கர்ல ஒரே உதை, ஸ்டார்ட். அந்த சத்தத்துல மயங்கி அங்கேயே 2,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துட்டேன். வீட்டுக்கு வந்து ஆர்சி போட்டோவைப் பார்த்தா சந்தேகம். மறுநாள் போய் நம்பர் மேல பேப்பரை வெச்சு பென்சிலால தேய்ச்சுப் பார்த்தேன். சேசிஸ் நம்பர் சரி, இன்ஜின் நம்பர் வேற. "இன்ஜின் மாத்தினது தம்பி, ஆர்டிஓல சொல்லலை, அவ்வளவுதான்"னாரு விக்கிறவரு. அவர் சொன்னது உண்மையாவே இருக்கலாம். ஆனா அந்த இன்ஜின் எந்த வண்டியிலேர்ந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கு போலீஸ் கேட்டா பதில் சொல்ல வேண்டியது நான்தானே. அட்வான்ஸ் போனா போகுதுன்னு திரும்பிட்டேன்.

அடுத்து புல்லட். 1955-லேர்ந்து நம்ம சென்னையில உருவான வண்டி, திருவொற்றியூர் ஃபேக்டரி ஊருக்கே தெரியும். 346 சிசி. பழைய காஸ்ட் அயர்ன் மாடல்ல இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி. ஸ்டார்ட் பண்றதே ஒரு சடங்கு: டீகம்ப்ரஷன் லீவரைப் பிடிச்சு, ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்த்து, பிஸ்டனை சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் உதைக்கணும். அவசரப்பட்டா கிக்கர் திருப்பி அடிக்கும்.

அது பிரச்சினையே இல்லை, பழகிடலாம். பிரச்சினை கால்ல. அந்த வண்டியில கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். கியர் ஒண்ணு மேல, மூணு கீழ. டெஸ்ட் ரைடுல ஒரு நாய் குறுக்கே வந்துச்சு. பத்து வருஷப் பழக்கம், வலது காலை ஓங்கி மிதிச்சேன். பிரேக் பிடிக்கலை, அடுத்த கியர் விழுந்துச்சு! நாய் தப்பிச்சுது, நானும் தப்பிச்சேன். ஆனா எனக்கு ஒண்ணு புரிஞ்சுது: வாரத்துல ஆறு நாள் ஒரு மாதிரி, ஏழாவது நாள் வேற மாதிரி ஓட்டினா, அவசரத்துல கால் ஆறு நாள் பழக்கத்துக்குத்தான் போகும். முழுநேரமும் புல்லட்டே ஓட்டுறவங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மூணாவது சிபிஸட். 1999-ல வந்துச்சு. 156.8 சிசி, 12.8 எச்பி, முன்னாடி டிஸ்க் பிரேக். ஆக்சிலரேட்டரை முறுக்கினா கார்புரேட்டர்ல ஒரு சின்ன பம்ப் கூடுதலா பெட்ரோல் பீய்ச்சும். அதனால இழுவை ஜோர், மைலேஜ் சுமார். ஆர்எக்ஸ், புல்லட் மாதிரி இதுக்கு ரசிகர் கூட்டம் இல்லாததால விலை இன்னும் ஏறலை. அதே காரணத்தால பார்ட்ஸும் சுலபமா கிடைக்காது. சைடு பேனல் உடைஞ்சா புதுப்பேட்டையில நாள் முழுக்க அலையணும்.

வீட்டுல பேச்சு வந்தப்போ அம்மா ஒண்ணுதான் கேட்டாங்க: "சாவி ஆணியில தொங்கினா உன் தம்பி எடுக்க மாட்டானா?" எடுப்பான். காலேஜ் மூணாம் வருஷம், எடுக்காம இருப்பானா! அதுவரைக்கும் நான் என் ஞாயிற்றுக்கிழமையை மட்டும்தான் யோசிச்சிருந்தேன். நூறு கிட்ட போற ஆர்எக்ஸ், ரெண்டு பக்கமும் டிரம் பிரேக். மழையில நனைஞ்சா அதோட பிடிமானம் எப்படின்னு ஓட்டினவங்களுக்குத் தெரியும். புல்லட்ல கால் குழப்பம் அவனுக்கும் வரும். சிபிஸட்லயும் ஏபிஎஸ் கிடையாது, ஆனா முன் டிஸ்க் இருக்கு, கியர், பிரேக் எல்லாம் பழகின இடத்துல இருக்கு.

அதனால சிபிஸட்தான் எடுத்தேன். 42 ஆயிரம். மிச்சத்துல ரெண்டு புது டயர், டிஸ்க் பேட், பிரேக் ஹோஸ், செயின் ஸ்ப்ராக்கெட், தம்பிக்கு ஒரு நல்ல ஹெல்மெட்.

நீங்க பழைய வண்டி பார்க்கப் போறீங்கன்னா மூணு விஷயம். ஒண்ணு, ஆர்சி முதல் 15 வருஷம்தான் செல்லும், அதுக்கப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். புதுப்பிச்சிருக்கா, லோன் பாக்கி இருக்கான்னு பரிவாகன் தளத்துல பாருங்க. ரெண்டு, 29, 30 படிவங்கள்ல கையெழுத்து வாங்காம முழுப் பணம் கொடுக்காதீங்க. மூணு, இப்போ வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். வாரக்கணக்குல நிறுத்தி வைக்காம ஓட்டுங்க, பெட்ரோல் ட்யூப்பை மாத்திடுங்க.

ஆர்எக்ஸ் ஆசை போயிடுச்சான்னு கேட்டா, இல்லை. தெருவுல அந்த சத்தம் கேட்டா இன்னும் ஜன்னலுக்கு ஓடுறேன். தம்பியும் பின்னாடியே ஓடி வர்றான். அடுத்த எபிசோட்ல பார்ப்போம். ஹெல்மெட் மாட்டிட்டு போங்க மக்களே.