உலர்ந்த மண்ணில் உறங்கும் உயிர்கள்



பயிரிடப்படாத நிலத்தைக் குறிக்கும் 'தரிசு' என்னும் சொல், நாளடைவில் ஒன்றுக்கும் உதவாத நிலம் என்னும் பொருளையும் ஏற்றுக்கொண்டது. ஒரு நிலம் ஒன்றுக்கும் உதவாது என்று கூறுவோர், அதனை எந்தப் பருவத்தில் கண்டு அவ்வாறு கூறுகின்றனர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அமெரிக்க நாட்டின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் நடைபெறும் இயற்கை நடைகள் இவ்வுண்மையைக் கண்முன் காட்டுகின்றன.

அம்மாநிலத்தில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது. கோடை முழுவதும் வறட்சியே. அங்குள்ள மத்தியப் பள்ளத்தாக்கின் சில பகுதிகளில், மேல்மண்ணுக்குக் கீழே களிமண்ணோ இறுகிய அடுக்கோ அமைந்துள்ளது. நீர் அதனை ஊடுருவிக் கீழிறங்க இயலாமையால், பள்ளமான இடங்களில் குட்டைகளாகத் தேங்கி நிற்கிறது. வசந்தம் முடிவதற்குள் அவை வற்றிவிடும். கோடையில் அவ்வழியே செல்வோர் காண்பது வெடித்த மண்ணும் காய்ந்த புல்லுமே.

சோலானோ மாவட்டத்திலுள்ள ஜெப்சன் புல்வெளி இத்தகைய குட்டைகள் நிறைந்த காப்பிடம். வில்லிஸ் லின் ஜெப்சன் என்னும் தாவரவியல் அறிஞரின் பெயரைத் தாங்கியது அது. வசந்த கால வார இறுதிகளில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் அங்கு வருவோரை அழைத்துச் சென்று விளக்கம் அளிப்பர். அங்குள்ள ஓல்காட் ஏரி, பெயரால் ஏரியாயினும், கோடையில் வற்றிப்போகும் பெருங்குட்டையே. அதன் கலங்கல் நீரில் வாழ்கின்றன 'ஃபேரி ஷ்ரிம்ப்' எனப்படும் சிற்றுயிர்கள். தமிழில் இவற்றைத் தேவதை இறால் எனலாம்.

ஏறத்தாழ ஓர் அங்குல நீளமே உடைய இவ்வுயிர், ஒளி ஊடுருவும் உடலும் காம்பின் நுனியில் அமைந்த கண்களும் கொண்டது. மல்லாந்த நிலையில் நீந்துவது இதன் இயல்பு. இதற்குள்ள பதினோரு இணைக் கால்களே நீந்தவும், மூச்சுவிடவும், நீரிலுள்ள நுண்பாசிகளைத் திரட்டி உண்ணவும் பயன்படுகின்றன. வற்றும் குட்டையில் மீன்கள் நிலைத்து வாழ்வதில்லை. ஆகவே, நீர் வற்றுதல் இவற்றுக்கு முடிவாகத் தோன்றினும், உண்மையில் அதுவே காவலாகவும் அமைகிறது.

சில வாரங்களுக்குள் வளர்ந்து முட்டையிட்டு இவை மடிந்துவிடும். முட்டைகளோ சேற்றில் படிந்து, மண்ணோடு மண்ணாக உலர்ந்து, வெயிலையும் குளிரையும் தாங்கிப் பல ஆண்டுகள் உயிர்ப்புடன் கிடக்கும். முதல் மழையில் எல்லா முட்டைகளும் பொரிவதில்லை. ஒரு பகுதி பொரிய, எஞ்சியவை அடுத்தடுத்த மழைகளுக்காகக் காத்திருக்கும். மழை இடையில் பொய்த்து அவ்வாண்டின் குஞ்சுகள் அனைத்தும் மடிந்தாலும் இனம் அழியாதிருப்பது இதனாலேயே.

இத்தகைய நிலத்தைக் கோடையில் கண்டோர் வெற்றிடம் என்றே கருதினர். உழவுக்கும் குடியிருப்புக்கும் சாலைக்குமாகக் கலிஃபோர்னியாவின் பருவக் குட்டைகளில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. 1994ஆம் ஆண்டில், தேவதை இறால்களுள் மூன்று இனங்களும், அவற்றுக்கு உறவான தலைப்பிரட்டை இறால் இனம் ஒன்றும் அழிவை எதிர்நோக்கும் உயிர்களுக்கான கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றன. அதன்பின், மெர்சிட் நகரருகே கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் புதிய வளாகம் அமைக்க முற்பட்டபோது, இக்குட்டைகளை முன்னிட்டுத் திட்டம் மாற்றப்பட்டது. முன்பு கோல்ஃப் ஆடுகளமாக இருந்த நிலத்தில் எழுந்த அவ்வளாகம் 2005இல் திறக்கப்பட்டது. அதனை அடுத்துள்ள ஏறத்தாழ 6,500 ஏக்கர் புல்வெளியும் குட்டைகளும் இன்று ஆய்வுக்குரிய காப்பிடமாக உள்ளன. கல்விக்கூடமும் எழுந்தது, சிற்றுயிரும் பிழைத்தது.

காண வருவோராலும் தீங்கு நேரலாம். குட்டைக்குள் இறங்கும் ஒரு கால், கண்ணுக்குத் தெரியாத பல முட்டைகளை நசுக்கக்கூடும். அதனால், பாதையை விட்டு விலகாதிருத்தலும், நீரில் இறங்காதிருத்தலும், சிற்றுயிர்களைத் தாமாகப் பிடிக்காதிருத்தலும் நடையின் ஒழுக்கங்கள். மழையில் மண்ணெங்கும் உயிர்கள் பெருகும் என்பதை உணர்ந்து, ஊர்விட்டு ஊர் செல்லாது ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாசம் நோற்கும் ஜைன முனிவர்களை அறிந்த அவையோர்க்கு இவ்வொழுக்கத்தின் பொருள் எளிதில் விளங்கும்.

தேவதை இறால்கள் கலிஃபோர்னியாவுக்கு மட்டும் உரியன அல்ல. தென்னிந்திய மழைக்குட்டைகளிலும் 'ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் டைகோடோமஸ்' என்னும் இனம் வாழ்கிறது. ஊர்ப்புறத்தில் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பள்ளம் ஒன்றை மண்ணிட்டு நிரப்ப முற்படுவோர், ஒரு மழைக்காலமேனும் பொறுத்திருந்து அதில் எவ்வுயிர் எழுகிறது என்று பார்த்தல் நன்று. வீட்டுச் சிறுவரையும் உடன் அழைத்துச் சென்று, கரையில் நின்றபடியே காட்டுதல் அதனினும் நன்று.