கதை தெரிந்த பிறகு



உயர்நிலை மூன்று, நான்கில் தமிழ் இலக்கியம் எடுக்கும் பிள்ளைகளுக்குக் காப்பியத்தையும் கதைப்பாடலையும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

வகுப்பில் நடப்பது நமக்குத் தெரியும். கதைச்சுருக்கம் ஒரு தாள், அருஞ்சொற்பொருள் ஒரு தாள், மாதிரி விடை ஒரு தாள். வீட்டில் ஆங்கிலம் பேசி வளரும் பிள்ளைக்குச் சுருக்கம் தேவைதான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். சிலப்பதிகாரத்தின் பதிகமே கதை முழுவதையும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. கோவலன் கொலைப்படுவான், மதுரை எரியும் என்று தெரிந்துகொண்டுதான் 30 காதைகளுக்குள் நுழைகிறோம். அதன் பிறகும் படிக்க என்ன இருக்கிறது? நம் வகுப்புகள் நின்றுவிடுவது அந்தக் கேள்வியின் வாசலில்தான்.

வழக்குரை காதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டிமாதேவியின் தீக்கனவில் தொடங்குகிறது. அடுத்து வாயிற்காவலன் அஞ்சி நடுங்கி ஓடி வருகிறான். கோவலனின் மனைவி கண்ணகி பாண்டியன் அவைக்குள் வருமுன்பே அவளது தோற்றம் அவன் வாய்வழியே வந்துவிடுகிறது. 'யார் நீ?' என்று மன்னன் கேட்கிறான். அவள் உடனே பெயரைச் சொல்வதில்லை. புறாவுக்காகத் தன்னைத் தந்த சோழனையும், கன்றிழந்த பசுவுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் முதலில் நிறுத்துகிறாள். பிறகு புகார், பிறகு மாமனார் மாசாத்துவான், பிறகு கோவலன், அவன் கொலை. தன் பெயர் கடைசியில். நீதி தவறிய அரசன்முன் நீதி காத்த அரசர்கள் முதலில் வந்து நிற்கிறார்கள். சுருக்கத்தாளில் இந்த வரிசைக்கு இடமே இல்லை. கவிதை இருப்பதோ இந்த வரிசையில்தான். 'ஏன் பெயரைக் கடைசியில் சொன்னாள்?' என்ற ஒரே கேள்விக்கு ஒரு பாடவேளை முழுவதையும் தாருங்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் அதற்கு நம்மைவிடக் கூர்மையாக விடை சொல்வார்கள்.

மதுரை தூரமாகத் தெரிந்தால் நம் சிங்கப்பூரிலேயே ஒரு நூல் உண்டு. 1893இல் ரெங்கசாமி தாசன் இங்கே வெளியிட்ட 'குதிரைப் பந்தய லாவணி'. பந்தயத் திடலில் கூடும் பல இனக் கூட்டம், அன்றைய சிங்கப்பூரின் காட்சி எல்லாம் தமிழ்ப் பாட்டில் வருகின்றன. 1843 முதல் ஃபேரர் பார்க்கில் குதிரைகள் ஓடின, 1933இல் பந்தயம் புக்கித் தீமாவுக்குப் போயிற்று, 1999இல் கிராஞ்சிக்கு. 2024 அக்டோபர் 5ஆம் நாள் அங்கும் கடைசி ஓட்டம் முடிந்தது. ஃபேரர் பார்க்கில் மிஞ்சியிருப்பது ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர். வாழையிலையில் மீன்தலைக் கறி சாப்பிடக் குடும்பத்தோடு போகும் அந்தத் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

லாவணி வாய்விட்டுப் பாடுவதற்கானது. தமிழ்நாட்டில் மன்மதன் எரிந்தான், எரியவில்லை என்று இரு கட்சியாகப் பிரிந்து விடிய விடியப் பாடுவார்கள். வகுப்பையும் அப்படிப் பிரிக்கலாம். உச்சரிப்பு தடுமாறட்டும், றகரமும் ழகரமும் பிறகு வரும். வரிக்கு வரி நிறுத்தித் திருத்தாதீர்கள், கதையின் ஓட்டம் அறுந்துவிடும்.

தெருப்பெயரைப் போலவே நம் ஊரில் ஒரு காப்பியப் புலவரின் பெயரும் உண்டு. உமறுப்புலவர் பெயரில் 1946இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பட்டது; பீட்டி சாலையில் உள்ள தமிழ்மொழி நிலையம் இன்று அந்தப் பெயரைத் தாங்குகிறது. அவர் பாடிய சீறாப்புராணம் நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சொல்லும் பெருங்காப்பியம். அதில் அரபு நாட்டில் தமிழ்நாட்டு மழை பெய்கிறது, வயல் விளைகிறது. தான் பார்த்த நிலத்தைத் தான் பாராத நாட்டின்மேல் விரித்த அந்தப் புலவரையும் நம் பிள்ளைகள் கட்டடப் பெயராக மட்டும் அறியக்கூடாது.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த தவணையில் ஒரு காதையை மட்டும் எடுங்கள். சுருக்கத்தை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். மறுநாள் புத்தகத்தை மூடச் சொல்லி, நீங்கள் நின்றுகொண்டு முழுக் காதையையும் உரக்கப் படியுங்கள். பொருள் விளக்கத்தை அதற்கு அடுத்த நாள் வைத்துக்கொள்ளலாம்.