சிங்கப்பூரில் இறங்கியதும் இணையம்

மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போகிறார்கள் பெற்றோர். விமானம் இறங்கியதும் முதல் கவலை, வந்து சேர்ந்த செய்தியை எப்படிச் சொல்வது?

அதற்குச் செலவே இல்லை. சாங்கி விமான நிலையத்தில் வைஃபை இலவசம். வாட்ஸ்அப்பில் உடனே பேசிவிடலாம். மகள் வீட்டிலும் வைஃபை இருக்கும்.

ஆனால், தேக்கா சந்தைக்குக் காய் வாங்கப் போனால்? சிராங்கூன் சாலையில் வழி தவறினால்? அப்போது கையில் இணையம் வேண்டும். பயணிகளுக்கான ப்ரீபெய்டு சிம் விமான நிலையத்திலேயே கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும்.

ஒன்று முக்கியம். ஊர் சிம்மைக் கழற்றிவிடக் கூடாது. வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். இரண்டு சிம் போடும் போனில், புது சிம் இரண்டாவது இடத்துக்குப் போகட்டும். வீட்டுக்காரர் உள்ளே இருக்க, விருந்தாளிக்குத் திண்ணையில் பாய் விரிப்பதுபோல.

ஓடிபி வர, கிளம்பும் முன்பே ஊர் எண்ணுக்கு ரோமிங் வசதி கேட்டு வாங்க வேண்டும். ஆனால் அந்த எண்ணில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பில் எகிறும். வாட்ஸ்அப் எண்ணையும் மாற்ற வேண்டியதில்லை. புது சிம்மின் இணையத்திலேயே பழைய எண் ஓடும்.

போனில் இ-சிம் வசதி உண்டா? அப்படியானால் கடைக்கே போக வேண்டாம். அதைப் பதிவிறக்க இணையம் தேவை என்பதால், ஊரில் வீட்டு வைஃபையிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பலாம். ஊர் சிம்மும் இருந்த இடத்திலேயே இருக்கும்.