முகத்தைப் பார்த்து நோயைச் சொல்லலாமா?

(தேவதானம் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் சாமியைப் பற்றியோ சாதியைப் பற்றியோ அதிகம் பேசப் போவதில்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள இரண்டங்குல இடத்தைப் பற்றிப் பேசப் போகின்றோம். இதற்கும் இயக்கத்திற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். தெரியாததைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு காரியம் செய்வதற்குத்தானே மூடநம்பிக்கை என்று பெயர்? அது கோயிலில் மாத்திரம் குடியிருப்பதாக நினைத்துவிடாதீர்கள். நோயாளியின் கட்டிலண்டையிலும் அது உட்கார்ந்திருக்கின்றது.

நமக்குத் தெரிந்த ஓர் அம்மாள் இந்தப் பக்கத்தவர். மார்பில் புற்றுநோய் வந்து வைத்தியம் செய்து பிழைத்தவர். சர்க்கரை வியாதியும் உண்டு. ஒருநாள் ஒரு கண் சிவந்து வீங்கிற்று. வீட்டார், “புற்று கண்ணுக்கு ஏறிவிட்டது, இனி என்ன செய்தாலும் வீண்” என்று தீர்ப்புச் சொல்லி, கண்மலர் வாங்கிச் சாத்துவதாக வேண்டிக்கொண்டு எட்டு நாள் அழுதுகொண்டிருந்தார்கள். மகள் ஒருத்தி பிடிவாதமாக மதுரைக்கு அழைத்துச் சென்றாள். சதைத் துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். அது புற்றல்ல, பூஞ்சை! அம்மாள் பிழைத்தார், கண் போயிற்று. அந்த எட்டு நாளைத் தொலைக்காதிருந்தால் கண்ணும் தப்பியிருக்கலாம்.

மற்றொருவர் மில் தொழிலாளி. ஒரு பக்க மூக்கடைப்பு, சளியில் ரத்தம், மேல்பல் ஆட்டம். “சைனஸ்தான்” என்று தாமே பெயர் வைத்து, ஐந்து மாதம் கடையில் மாத்திரை வாங்கித் தின்றார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குணம் தெரிந்தது. பல்லைப் பிடுங்கினார், புண் ஆறவில்லை. கண் மேலே தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான் துணுக்கை எடுத்தார்கள். அது கன்ன எலும்பறையில் பிறந்த புற்று. அவர் இன்று இல்லை.

தோழர்களே! முதல் வீட்டார் கிருமியைப் புற்றென்றார்கள். இரண்டாமவர் புற்றைக் கிருமியென்றார். இருவர் செய்த பிசகும் ஒன்றே. பார்த்ததைக் கொண்டு தீர்ப்புச் சொன்னார்கள்; பரீட்சை கேட்கவில்லை.

இந்தப் பிசகு ஏன் சுலபமாக நேருகின்றது? நம் முகத்தின் எலும்புக்குள் காற்றறைகள் இருக்கின்றன. கன்னத்தில், நெற்றியில், இரு கண்களுக்கு நடுவில், அதற்கும் பின்னால் என நான்கு ஜோடி. கண்ணுக்கும் நடு அறைகளுக்கும் இடையிலுள்ள எலும்பு காகிதம்போல் மெல்லியது. மேல்பல்லின் வேர் கன்ன அறையின் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றது. ஆகவே அங்கே சீழ் சேர்ந்தாலும் சரி, கட்டி வளர்ந்தாலும் சரி, கண் வீங்கும், பார்வை இரண்டாகும், பல் வலிக்கும். வழி ஒன்று, வருகிறவன்தான் வேறு.

அடையாளமே இல்லையா என்றால், உண்டு. கிருமி பெரும்பாலும் சில நாளில் வரும். காய்ச்சல், சிவப்பு, கடும் வலியோடு வரும். புற்று பெரும்பாலும் வாரக்கணக்காக, மாதக்கணக்காக வரும். ஒரு பக்கமாகவே நிற்கும். கன்னம் மரத்துப் போகும். ஆனால் இந்த அடையாளங்களை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. குழந்தைகளின் கண்குழியில் வரும் ஒருவகைப் புற்று சில நாளிலேயே வீங்கிக் கிருமி வேஷம் போடும். சில பூஞ்சைகள் மாதக்கணக்கில் மெதுவாய் ஊர்ந்து புற்று வேஷம் போடும். மார்பில் இருந்த புற்று கண்குழிக்குப் பரவுவதும் உண்டு. அந்த வீட்டார் பயந்ததில் குற்றமில்லை, பயத்தையே முடிவாக்கியதுதான் குற்றம். புற்றுக்கு மருந்து ஏற்றிக்கொள்பவருக்கு உடலின் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்குமாதலால், அவருக்குக் கிருமி வருவதும் சுலபமே.

“மருந்து சாப்பிட்டதும் வற்றிவிட்டதே, அது போதாதா?” என்பார்கள். போதாது. கட்டி அறையின் வாயை அடைத்தால் உள்ளே சீழ் கட்டும். மாத்திரை சீழைக் குறைக்கும். கட்டி அப்படியே இருக்கும். ஸ்டீராய்டு மருந்து சிலவகைப் புற்றின் வீக்கத்தைக்கூடக் கொஞ்ச நாள் வற்ற வைத்து ஏமாற்றும். பூஞ்சைக்கோ அதே மருந்து விருந்தாகும். 2021-இல் கொரோனாவை அடுத்து கருப்புப் பூஞ்சை நாடெங்கும் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வருஷம் ஜூன் கடைசிக்குள் இந்தியாவில் 40,000 பேருக்கு மேல் பிடித்தது. கட்டுக்கடங்காத சர்க்கரையும், அளவின்றிக் கொடுத்த ஸ்டீராய்டும் அதற்கு முக்கிய காரணங்களாயிருந்தன. தெய்வக் கோபம் அல்ல.

அப்படியானால் வழி யாது? 1895-இல் ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1971-இல் சி.டி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது. எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா, சீழ் எங்கே நிற்கிறது என்று அது காட்டும். ஆனால் எலும்பைப் புற்றும் அரிக்கும், பூஞ்சையும் அரிக்கும். ஆதலால் கடைசிச் சாட்சி சதைத் துணுக்குத்தான். அதை இரண்டு பங்காக்க வேண்டும். ஒரு பங்கு பார்மலினில் போட்டு, புற்றணு உண்டா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்க. மற்றது பார்மலின் படாமல் உப்புநீரில் வைத்து, கிருமியையும் பூஞ்சையையும் வளர்த்துப் பார்க்க. எல்லாவற்றையும் பார்மலினில் போட்டால் கிருமி செத்துப்போகும். பிறகு வளர்த்துப் பார்க்க முடியாது. “கிருமிப் பரீட்சைக்கும் அனுப்பினீர்களா?” என்று டாக்டரைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. முதல் துணுக்கில் ஒன்றும் தெரியாமல் நோய் மட்டும் வளர்ந்தால், மறுபடியும் எடுக்கச் சொல்லுங்கள்.

“கத்தி பட்டால் புற்று பரவும்” என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் நடமாடுகின்றது. முறைப்படி துணுக்கெடுப்பதால் உண்டாகும் ஆபத்து மிகச் சொற்பம். எடுக்காமல் இருப்பதால் போன உயிர்களுக்குத்தான் கணக்கில்லை.

இவ்வூர்ச் சாமிக்கு நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி என்று பெயர். அரசனுக்கு வந்த நஞ்சு தோய்ந்த ஆடையைத் தவிர்த்தாராம். இருக்கட்டும். ஏழையின் முகத்தில் ஏறியிருக்கும் நஞ்சு கிருமியா, புற்றா என்று அவர் ஒருநாளாவது சொன்னதுண்டா? வெள்ளிக் கண்மலர் உண்டியலுக்குப் போகும். அந்தக் காசு பஸ் சார்ஜுக்கு ஆகுமானால் உண்மையான கண் தப்பும்.

ஆகவே தோழர்களே! கண் வீங்கிப் பார்வை மங்கினாலும், இரண்டாகத் தெரிந்தாலும், கண் முன்தள்ளினாலும், மூக்கிலோ மேலண்ணத்திலோ கறுப்புத் தட்டினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். ஒருபக்க மூக்கடைப்பும் ரத்தமும் மூன்று வாரம் நின்றால் மாத்திரையை நிறுத்திப் பரீட்சையைக் கேளுங்கள். புற்று வந்து பிழைத்தவருக்குப் புதிதாக வீக்கம் கண்டால், “பரவிவிட்டது” என்று பாடை கட்டாதீர்கள். “ஒன்றுமில்லை” என்று படுக்கவும் வைக்காதீர்கள். “என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கும் துணிவுக்குத்தான் நாம் பகுத்தறிவு என்கின்றோம்.