முள்ளும் கட்டையும்

கோடை உழவுக்கு முன்னால் புஞ்சையைச் சுத்தம் செய்யும் காலம் இது. ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்து மானாவாரி நிலங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டி, முள்ளும் கட்டையுமாகக் குவித்துத் தீ வைத்துவிடுகிறோம்.

காய்ந்த முள் சடசடவென்று எரிந்து சீக்கிரம் அடங்கிவிடும். கட்டை அப்படி அடங்காது. மேலே சாம்பல் பூத்துக் கிடக்கும், உள்ளே கங்கு கனன்றுகொண்டிருக்கும். நிலத்தில் விட்ட தூர் பற்றிக்கொண்டால் இன்னும் மோசம். நெருப்பு வேர் வழியே மண்ணுக்குள் இறங்கி, மறுநாள் மத்தியானக் காற்றில் வேறோர் இடத்தில் தலைகாட்டும். அப்போது நிலத்தில் ஆள் இருக்காது. பக்கத்தில் வைக்கோல் படப்போ, காவோலை தொங்கும் பனையோ இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனைக்கும் தூரை எரித்துப் பயனில்லை. சீமைக்கருவேலம் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

அதனால் கட்டையைத் தனியே பிரித்து விறகுக்கோ கரிமூட்டத்துக்கோ கொடுத்துவிடுங்கள். மூட்டம் போடுகிறவர்களின் கைத்திறனைப் பாருங்கள். கட்டைகளை நெருக்கி அடுக்கி, வைக்கோலும் தழையும் பரப்பி, ஈரமண்ணால் மூடி, அளவாகத் துளை விட்டுத் தீயிடுவார்கள். முதலில் கெட்டியாக வரும் வெள்ளைப் புகை கட்டையின் ஈரம். புகை மெலிந்து நீலம் பாரித்ததும் துளைகளை அடைத்துவிடுவார்கள். ஆறுமுன் பிரித்தால் காற்றுப்பட்டு அத்தனையும் சாம்பலாகிவிடும். இப்படிக் கரியாகி விலைபோகிற பொருளை வீணாக எரிப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

முள்ளை எரித்துத்தான் ஆக வேண்டுமென்றால், காற்று எழுவதற்கு முன் காலையிலேயே எரியுங்கள். குவியலைச் சுற்றி வெறும் மண் தெரியச் செதுக்கிவிடுங்கள். மேலே மின்கம்பி போகும் இடம் வேண்டாம். பல நாள் கிடந்த குவியலில் கீரியும் உடும்பும் பாம்பும் குடியிருக்கும். கவைக்கம்பால் கலைத்துவிட்டுத் தீ வையுங்கள். அரளிக் கொம்பைச் சேர்க்காதீர்கள், அதன் புகை நஞ்சு.

முடிந்ததும் மண்ணை மட்டும் அள்ளிப் போட்டு மூடிவிட்டுப் போகாதீர்கள். மண்ணால் மூடிய மூட்டம்தானே நாள்கணக்கில் கனல்கிறது! தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு குடம் ஊற்றிக் கிளறுங்கள்; சூடு அடங்கிய பிறகே கிளம்புங்கள். கைமீறிப் போனால் தாமதிக்காமல் தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள்.