மாவாகிப் போகும் நெத்திலி



பெரு நாட்டின் கரையோரம் ஹம்போல்ட் நீரோட்டம் ஓடுகிறது. காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்க, ஆழத்துக் குளிர்நீர் சத்தோடு மேலே வருகிறது. அந்த நீரில் நுண்பாசி செழிக்கிறது. அதை நம்பிக் கூட்டங்கூட்டமாகப் பெருகுகிறது அஞ்சோவேத்தா. நம் நெத்திலிக்கு உறவுக்கார மீன். உலகில் வேறு எந்த ஒற்றை மீனினத்தையும் மனிதன் இவ்வளவு பிடித்ததில்லை.

1950களில் அங்கே மீன்மாவு ஆலைகள் முளைத்தன. சிம்போத்தே என்ற சிறு துறைமுகம் நகரமாக வீங்கியது. மீனை அவித்து, பிழிந்து, உலர்த்தி, அரைத்து மூட்டை கட்டினார்கள். 1970இல் மீன்பாடு ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் டன்!

1972இல் எல் நினோ எனும் கடல் வெப்பமேற்றம் வந்தது. வெதுவெதுப்பான நீர் பரவியதும், மீன் கரையை ஒட்டிய குளிர்நீர்த் திட்டுகளில் ஒண்டியது. தப்பிக்க வந்த இடத்திலேயே படகுகள் அதை வாரி எடுத்தன. மறு ஆண்டு மீன்பாடு 20 லட்சம் டன்னுக்கும் கீழே விழுந்தது. ஆலைகளை அரசே எடுத்துக்கொண்டது. அந்த மீனை நம்பியிருந்த கடற்பறவைகள் பட்டினியில் மடிந்தன. எல் நினோ மேல் மட்டும் பழிபோட நான் சம்மதிக்க மாட்டேன். அதற்கு முன்பும் எத்தனையோ முறை அது வந்து போனது, மீன் மீண்டது. இம்முறை மீள விடாமல் அடித்தது வலை. பழைய நிலையை நெருங்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பெரு பாடம் படித்தது. இன்று ஆய்வுக் கப்பல்கள் மீன் வளத்தை அளந்த பிறகே பருவத்துக்கு வரம்பு வைக்கிறார்கள். 2009 முதல் படகுக்குப் படகு பங்கு உண்டு. 2023இல் குஞ்சுமீன் மிகுந்திருந்ததால் முதல் பருவத்தையே ரத்து செய்தார்கள். எத்தனை பேர் வருமானம் போயிருக்கும்! அந்தத் துணிவை இந்த மேடையிலிருந்து மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் ஒன்று என்னை உறுத்துகிறது. பிடிக்கும் அஞ்சோவேத்தாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இன்னும் மாவுக்கும் எண்ணெய்க்கும்தான் போகிறது. ஒரு கிலோ மாவுக்கு நாலு கிலோவுக்கும் மேல் மீன் அரைபடுகிறது. அது அயல்நாட்டுப் பண்ணைகளில் சால்மனுக்கும் இறாலுக்கும் பன்றிக்கும் தீவனம். அதே பெருவில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பத்துக்கு நாலு பேருக்கு ரத்தசோகை! இரும்புச்சத்துள்ள மீன் கண்ணெதிரே கப்பலேறுகிறது; குழந்தை வெளிறிக் கிடக்கிறது. இதை வளர்ச்சி என்று என்னால் சொல்ல முடியாது.

நம் கரையோர இறால் குட்டைகளுக்கு வரும் தீவனத்திலும் மீன்மாவு உண்டு. ஆகவே இது பெருவின் வழக்கு மட்டுமல்ல. முதல் பங்கு மனிதர் தட்டுக்கு, மிச்சமே ஆலைக்கு என்று ஒவ்வொரு கடலோர நாடும் சட்டம் இயற்ற வேண்டும். அதைக் கேட்கும் குரலில் உங்கள் குரலும் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.